கள்ள நோட்டும் ஒளித்துகளும்

இருப்புப்பாதைத் துறையில் சீட்டு வழங்கும் பணியில் இருப்போர்க்கு ஓயாத கவலை ஒன்று உண்டு. கையில் உள்ளது மெய்ச் சீட்டா, பொய்ச் சீட்டா என்பதே அது. பயணிகள் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வண்டி ஏறிவிடுகின்றனர். அச்சீட்டின் மெய்ம்மையைக் காப்பதற்கோ தனித் தாள், தனி மை, தொடர் எண், தேதி முத்திரை, கணக்கேடு என எத்தனையோ காவல்கள்! 1830களில் இங்கிலாந்தில் நியூகாஸில்–கார்லைல் இருப்புப்பாதையில் பணியாற்றிய தாமஸ் எட்மன்சன் என்பார், தடித்த அட்டையில் தொடர் எண் அச்சிட்ட சீட்டைப் புனைந்தார். அந்த அட்டைச் சீட்டே நம் நாட்டிலும் நெடுங்காலம் வழங்கிற்று. அதில் தேதி பொறிக்கும் இயந்திரத்தின் 'டக்' என்ற ஓசையை நம் காலனியின் மூத்தோர் இன்னும் மறந்திரார். பின்னர்க் கணினி வந்தது, அட்டை போயிற்று, இன்று கைப்பேசியிலேயே சதுரக் குறி தோன்றுகிறது. காவல்தான் மாறியது, கவலை மாறவில்லை. ஒரு மனிதன் அச்சிடக்கூடிய எதனையும் வேறொரு மனிதனும் அச்சிடக்கூடுமன்றோ?

மனிதன் இடும் காவலை விடுத்து, இயற்கையே காவல் நிற்கும்படி ஒரு நாணயத்தாளை ஆக்க முடியுமா? இவ்வாறு ஓர் அமெரிக்க இளைஞர் 1960களின் இறுதியில் எண்ணிப் பார்த்தார். எண்ணியதோடு நில்லாமல் வழியும் கண்டார். அதனைக் கட்டுரையாகவும் எழுதினார். அக்கட்டுரை அச்சேறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று குவாண்டம் தகவலியல் என்று உலகெங்கும் பேசப்படும் பெருந்துறைக்கு அந்தச் சில பக்கங்களே வித்து. அவ்வித்து முளைத்த வரலாற்றில் நம் பாரத நாட்டு நகரம் ஒன்றுக்கும் இடம் உண்டு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நாம் இதனை எழுதப் புகுந்தது, இதில் கணிதத்தைக் காட்டிலும் மனிதர் கதை மிகுதி என்று கண்டமையால்தான். நம் குடும்பங்களில் பொறியியலும் இயற்பியலும் பயிலும் பிள்ளைகள் நம்மினும் நுட்பமாக இதனை அறிவர்.

அவ்விளைஞரின் பெயர் ஸ்டீபன் வீஸ்னர். 1942-இல் பிறந்தவர். தந்தை ஜெரோம் வீஸ்னர் சாமானியர் அல்லர்; கென்னடி குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் அவருக்கு அறிவியல் ஆலோசகராய் விளங்கியவர்; 1971 முதல் 1980 வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். இத்தகைய தந்தையின் மகனுக்குக் கதவுகள் தாமே திறக்கும் என்று நாம் நினைப்போம். அவ்வாறு நிகழவில்லை என்பதை மேலே காண்போம். வீஸ்னர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது சார்லஸ் பென்னட் என்னும் மாணவரோடு நட்புக் கொண்டார். பின்னர் இயற்பியல் ஆராய்ச்சிக்காக நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பென்னட்டின் பெயரை வாசகர்கள் நினைவில் இருத்துக.

இனி வீஸ்னரின் கருத்தைச் சற்றே விளக்குவோம். ஒளி அலையாகவும் இயங்குகிறது, துகளாகவும் இயங்குகிறது என்பது இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் முடிபு. ஒளித்துகளைப் போட்டான் என்பர். ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் அதிர்வுத் திசை என்று ஒன்று உண்டு. நெட்டாக இருக்கலாம், குறுக்காக இருக்கலாம், இடப்புறமோ வலப்புறமோ சாய்ந்தும் இருக்கலாம். பள்ளிப் புத்தகத்தில் இதனைத் தளவிளைவு என்று எழுதியிருப்பர். போலராய்டுக் கண்ணாடி ஒன்றை நெட்டாகப் பிடித்தால், நெட்டாக அதிரும் துகள் தடையின்றிச் செல்லும். குறுக்காக அதிரும் துகள் தடைப்படும். இதுவரை வியப்பில்லை. நாற்பத்தைந்து பாகை சாய்ந்து அதிரும் துகள் அக்கண்ணாடியை வந்தடைந்தால் என்ன ஆகும்? சில வேளை செல்லும், சில வேளை நிற்கும், பாதிக்குப் பாதி. இந்தத் துகள் செல்லுமா நிற்குமா என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு எவரிடமும் இல்லை. கண்ணாடியைக் கடந்த பின் அது நெட்டாகவே அதிரும். முன்பு எப்புறம் சாய்ந்திருந்தது என்ற செய்தி அதனிடமிருந்தே அழிந்துபோகும்.

இதனை வழக்குமன்றத்துச் சாட்சிக்கு ஒப்பிடலாம். தக்க கேள்வியைக் கேட்டால் அச்சாட்சி மெய்யையே சொல்வான். தகாத கேள்வியைக் கேட்டாலோ வாய்க்கு வந்ததைச் சொல்வான். சொன்ன மாத்திரத்தில் முன் அறிந்ததையும் மறந்துவிடுவான். எக்கேள்வி தக்கது என்பது சாட்சியை அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும்.

வீஸ்னர் இந்தச் சாட்சியை நாணயத்தாளில் அமர்த்தினார். தாளில் வழக்கம் போல் தொடர் எண் இருக்கும். அதனோடு இருபது சிறு கூடுகள். கூட்டுக்கு ஓர் ஒளித்துகள். ஒவ்வொன்றும் நெட்டு, குறுக்கு, இடச்சாய்வு, வலச்சாய்வு என்னும் நான்கில் ஏதேனும் ஒரு நிலையில் அடைபட்டிருக்கும். எந்தத் தொடர் எண்ணுக்கு எந்த வரிசை என்பதை வங்கி தன் இரகசிய ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். தாள் திரும்பி வந்தால் ஏட்டைப் பார்த்துத் தக்க கேள்விகளையே வங்கி கேட்கும்; துகள்கள் மெய் சொல்லும். கள்ளநோட்டு அடிப்பவனோ ஏட்டைக் கண்டானல்லன். அவன் ஒவ்வொரு கூட்டிலும் கண்ணாடியை நேராகப் பிடிப்பதா, சாய்த்துப் பிடிப்பதா என்று ஊகித்தே ஆகவேண்டும். பாதி இடங்களில் தவறுவான். தவறிய இடங்களிலும் பாதியில் நற்பேற்றால் தப்புவான். ஆக, ஒரு கூட்டுக்கு நான்கில் மூன்று பங்கு தப்பலாம். இருபது கூடுகளிலும் தொடர்ந்து தப்புவது ஆயிரம் தாளுக்கு ஏறத்தாழ மூன்று தாளிலேயே நிகழும். கூடுகளை நாற்பதாக்கினால் இலட்சத்துக்கு ஒன்றே தேறும். திறமான அச்சு இயந்திரமோ, நேர்த்தியான மையோ கள்வனுக்கு உதவா. தொடர் எண்ணையும் கணக்கேட்டையும் வைத்துக் காலந்தள்ளும் நம் போன்றோர்க்கு இவ்வேற்பாடு மிகவும் பழகியதாகவே தோன்றுகிறது. பழைய ஏட்டு முறைதான். எழுதும் மைக்குப் பதில் ஒளித்துகள்.

கட்டுரையில் வேறொன்றும் இருந்தது. இரண்டு செய்திகளை ஒரே ஒளிக்கற்றையில் பின்னி அனுப்பினால், பெறுபவர் தாம் விரும்பும் ஒன்றைப் படிக்கலாம். படித்த அளவில் மற்றது அழிந்துவிடும். இரண்டையும் ஒருவர் படித்தல் இயலாது. இத்தகைய ஏற்பாட்டின் பயனைக் கணினி அறிஞர்கள் 1980களில்தான், அதுவும் வேறு வழியாக வந்து, உணர்ந்தார்கள்.

வீஸ்னர் கட்டுரையை ஒரு பொறியியல் ஏட்டுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்துவிட்டது. இயற்பியலாரின் மொழியில் எழுதிய ஒன்றைத் தகவல் அனுப்பும் கலையில் வல்லவர்கள் படித்தால் விளங்காமற் போவது இயல்பே. இயற்பியலார்க்கோ வங்கி நோட்டும் இரகசியச் செய்தியும் தங்கள் துறைக்கு ஒவ்வாதனவாகத் தோன்றின. இரண்டு துறைகளுக்கு நடுவே வரப்பின்மேல் முளைத்த பயிர் அது. இருபுறத்து உழவரும் தமதன்று என்று விட்டுவிட்டனர். நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் ஒளித்துகள்களை எண்ணும் புதுமுறையைக் கண்டு டாக்காவிலிருந்து நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். வீஸ்னருக்கு ஓர் ஐன்ஸ்டைன் வாய்க்கவில்லை. அவரும் மறுபடி போராடவில்லை. கட்டுரையை ஒரு புறம் வைத்துவிட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். பென்னட் அக்கட்டுரையைப் படித்தவர். வீஸ்னர் சொல்லக் கேட்டவற்றை 1970-இல் தம் குறிப்புத் தாளில் எழுதியும் வைத்தவர். இருவர் பேச்சில் எழும் நல்ல கருத்தை மறுநாளே மறந்துவிடுவதுதான் உலகியல். பென்னட் மறக்கவில்லை. 1972-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்த அவர், வேறொரு பொருளில் ஆழ்ந்திருந்தார். கணக்கிடும் இயந்திரம் வெப்பம் உமிழ்வது ஏன் என்பது அப்பொருள். அதே நிறுவனத்தைச் சார்ந்த ரால்ஃப் லாண்டவர், செய்தியை அழிக்கும்போதுதான் வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று 1961-இல் காட்டியிருந்தார். எதனையும் அழிக்காமலே, வந்த வழியே மீளத்தக்கவாறு எக்கணக்கையும் செய்யலாம் என்று பென்னட் 1973-இல் நிறுவினார். செய்தி என்பது வெறுங்கருத்தன்று. அது எப்போதும் ஏதேனும் ஒரு பொருளின்மேல் ஏறியே இருக்கிறது. ஆகவே அப்பொருளின் விதிகளுக்கும் அது கட்டுப்பட்டது. இந்நோக்கு உடையவர்க்கு வீஸ்னரின் நாணயத்தாள் விளையாட்டாகத் தோன்றுமா? பத்தாண்டுக் காலம் அவர் அதனைத் தக்கவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் புன்னகைத்துவிட்டுப் போயினர்.

1979 அக்டோபர் இறுதியில் போர்ட்டோ ரிக்கோத் தீவில் சான் ஹுவான் நகரில் கணினி அறிஞர் மாநாடு ஒன்று கூடிற்று. அதற்கு வந்திருந்தவருள் ஜீல் பிரசார் என்பவரும் ஒருவர். கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரத்தவர். பதின்மூன்று வயதிலேயே பல்கலைக்கழகம் புகுந்தவர். அப்போது வயது இருபத்து நான்கு. ஒரு பிற்பகல் அவர் கடலில் நீந்திக்கொண்டிருந்தார். முன்பின் அறியாத ஒருவர் அவரை நோக்கி நீந்திவந்து, கள்ளமாக அடிக்க இயலாத குவாண்டம் நோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வந்தவர் பென்னட். மாநாட்டில் பிரசார் மறைமொழி பற்றிப் பேசவிருக்கிறார் என்று அறிந்து தேடி வந்திருந்தார். பிரசார் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியைப் பலமுறை நகைச்சுவையோடு எழுதியும் பேசியும் இருக்கிறார். கரையேறும் முன்பே இருவரும் கூட்டாளிகளாகிவிட்டனர் என்று கூறலாம்.

அவர்கள் கூட்டின் முதற்பயன் 1982-இல் ஒரு கருத்தரங்கில் வெளிப்பட்ட கட்டுரை. அதில் வீஸ்னரின் பெயரும், சேத் பிரைட்பார்ட் என்பவரின் பெயரும் உடன் இருந்தன. அதன் தலைப்பை நாம் கண்டபோது நம் துறையின் பெருமையை எண்ணி மகிழ்ந்தோம்: 'குவாண்டம் மறைமொழியியல், அல்லது போலியாகச் செய்ய இயலாத சுரங்க ரயில் டோக்கன்கள்'. நியூயார்க் சுரங்க ரயிலில் 1953 முதல் 2003 வரை பயணிகள் உலோக டோக்கனைத் துளையில் இட்டு உள்ளே நுழைந்தனர். தில்லி மெட்ரோவில் நெடுநாள் வழங்கிய டோக்கனை நம்மில் பலரும் கையாண்டிருக்கிறோம். குவாண்டம் மறைமொழியியல் என்ற சொற்றொடரே அக்கட்டுரையால் வழக்குக்கு வந்தது. உலகை ஆளப்போகும் ஒரு துறைக்குப் பெயர் சூட்டுவிழா நிகழ்ந்தது, ஆக, ரயில்வே டோக்கனின் பெயரால்! இதற்குப் பின்னரே, 1983-இல், வீஸ்னரின் பழைய கட்டுரைக்கும் அச்சேறும் நற்பேறு கிட்டியது.

அதே 1982-இல் இன்னொரு செய்தியும் நடந்தது. நிக் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க இயற்பியலார், ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்ப ஒரு வழி கண்டதாக எழுதினார். அது பிழை என்பது பலருக்கும் தோன்றிற்று. எங்கே பிழை என்பது எளிதில் புலப்படவில்லை. ஆராய்ந்தபோது, ஒளித்துகளின் நிலையை அப்படியே படியெடுக்கலாம் என்று அவர் மறைவாகக் கொண்ட எண்ணமே பிழை என்று தெரிந்தது. அறியாத குவாண்டம் நிலை எதனையும் படியெடுத்தல் இயலாது என்று வூட்டர்ஸ், ஜூரெக் என்னும் இருவரும், ஹாலந்து நாட்டு டீக்ஸ் என்பவர் தனியேயும் மெய்ப்பித்தனர். வீஸ்னர் தாளில் காவலாக வைத்தது இந்த விதியையே. விதிக்குப் பெயர் வருமுன்னரே அவர் அதனைப் பணியில் அமர்த்தியிருந்தார். தவறான கட்டுரை ஒன்று மெய்யான தேற்றம் ஒன்றைப் பயந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

டோக்கனில் ஒரு பெருங்குறை உண்டு. ஒளித்துகளை ஒரு கூட்டில் அடைத்து நாள்கணக்கில் வைத்திருத்தல் அன்றும் இயலவில்லை. இன்றும் அத்தகைய நோட்டு எந்த வங்கியிலும் இல்லை. பென்னட்டும் பிரசாரும் இச்சிக்கலை நெடிது எண்ணிய பின் ஓர் உண்மை பளிச்சிட்டது. ஒளி தங்குவதற்குப் பிறந்ததன்று, செல்வதற்குப் பிறந்தது. கிடங்கில் அடுக்கி வைக்க முயன்ற சரக்கை வண்டியில் ஏற்றி அனுப்பினால் என்ன? இந்த ஒரு திருப்பத்தில்தான் விளையாட்டுப் பொருள் நடைமுறைப் பொருளாயிற்று.

இரகசியச் செய்தி அனுப்புவோர் இருவரிடமும் ஒரே சாவி இருத்தல் வேண்டும். சாவி என்றது எண்களாலான ஒரு நீண்ட தொடரை. செய்தியின் நீளத்துக்கு ஒத்ததாய், ஒழுங்கின்றி அமைந்ததாய், ஒருமுறையே பயன்படுவதாய் அச்சாவி இருப்பின், மறைமொழியை எவராலும் உடைக்க இயலாது என்று கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவியிருந்தார். தொல்லை யாதெனின், அச்சாவியைத் தொலைவில் உள்ளவரிடம் எவ்வாறு சேர்ப்பிப்பது? தூதனை நம்பலாமா? கம்பியில் அனுப்பினால் நடுவே ஒட்டுக்கேட்பவன் எழுதிக்கொள்வானே!

பென்னட், பிரசார் கண்ட முறை இது. அனுப்புநர், பெறுநர் என்று நம் பார்சல் அலுவலகச் சொற்களாலேயே கூறுவோம். அனுப்புநர் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புவார். ஒவ்வொன்றையும் நேர்முறையிலோ சாய்முறையிலோ தம் மனம்போல் அமைப்பார். பெறுநரும் நேராகவோ சாய்த்தோ தம் மனம்போல் அளப்பார். பிறகு இருவரும் தொலைபேசியில், ஊரே கேட்க, 'இன்ன துகளுக்கு இன்ன முறையைக் கொண்டேன்' என்று மட்டும் சொல்லிக்கொள்வர். கண்ட விடையைச் சொல்லார். முறை ஒத்த இடங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவர். ஏறத்தாழப் பாதி எஞ்சும். எஞ்சியதில் சிலவற்றை எடுத்து விடைகளை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்ப்பர். நடுவே எவனேனும் எல்லாத் துகள்களையும் அளந்து பார்த்து மீள அனுப்பியிருந்தால், அவற்றில் நான்கில் ஒன்று பிழைபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பிழை இல்லையேல் மீதமுள்ளது சாவி. பிழை மிகுந்தால் அனைத்தையும் எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவர். செய்தி இன்னும் புறப்படவே இல்லையாதலின் இழப்பு ஒன்றும் இல்லை. சாவியைத் திருடுவதைத் தடுக்கும் முறையன்று இது. திருட்டு நடந்ததை உடனே அறிவிக்கும் முறை. பூட்டின் உறுதியைவிட இந்த அறிவிப்பே பெரிது என்பது நம் கருத்து.

இதனை மதிப்போர் அன்று மிகச் சிலரே. அவ்வேளையில் பிரசாருக்குப் பெங்களூர் வந்து பேசுமாறு அழைப்பு வந்தது. கணினிகள், அமைப்புகள், சமிக்ஞைச் செயலாக்கம் ஆகியன பற்றிய அனைத்துலக மாநாடு ஒன்று 1984 டிசம்பரில் அந்நகரில் கூடவிருந்தது. தாம் விரும்பிய பொருள் பற்றி அவர் அங்கே பேசலாம். அவர் இதனையே பேசினார். மாநாட்டு நூலில் 175 முதல் 179 வரை ஐந்து பக்கங்கள். பென்னட், பிரசார் ஆகிய இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் அவ்வாண்டையும் கூட்டி 'பி.பி.84' என்று இன்று உலகம் வழங்கும் முறை முழுவடிவில் அச்சில் வெளிப்பட்டது அந்த ஐந்து பக்கங்களில்தான். அம்மாநாட்டு நூல் எளிதில் கிட்டாதது. முப்பதாண்டு கழித்து, 2014-இல், ஒரு கணினியியல் ஏடு அக்கட்டுரையை மறுபதிப்பாக வெளியிட வேண்டியதாயிற்று. இத்துறையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் 'பெங்களூர், இந்தியா, 1984' என்ற சொற்கள் ஆயிரக்கணக்கான முறை அச்சாகியுள்ளன. நம் காலனிப் பிள்ளைகள் எந்நாட்டில் சென்று இத்துறையைப் பயின்றாலும் அவ்வூர்ப் பெயரைக் கடவாமல் செல்ல இயலாது.

சொல்லை நம்பாதவர்க்குச் செயல் வேண்டுமல்லவா? 1989 அக்டோபர் இறுதியில் ஐ.பி.எம். கூடத்தில் இளைஞர் மூவர் துணையோடு ஒரு கருவியை அமைத்து இயக்கிக் காட்டினர். ஒளித்துகள் கடந்த தொலைவு ஏறத்தாழ முப்பது செண்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் அளவு. அதிலும் ஒரு வேடிக்கை. துகளின் திசையைத் திருப்பும் கருவிக்கு மின்சாரம் வழங்கிய பெட்டி, திசைக்கு ஒரு வகையாக ஓசை எழுப்பிற்று. ஒட்டுக்கேட்பவன் ஒளியைத் தொடவே வேண்டியதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலே போதும். காது கேளாத ஒற்றனிடமிருந்து எம் கருவி முழுப் பாதுகாப்பு அளித்தது என்று பிரசார் பின்னாளில் சொல்லி நகைத்தார். இது நகைக்கு மட்டும் உரியதன்று. விதி பழுதற்றதாயினும் அதனைத் தாங்கும் பெட்டி மனிதன் செய்தது. பிற்காலத்தில் விற்பனைக்கு வந்த கருவிகளையும் ஆய்வாளர்கள் இத்தகைய ஓட்டைகள் வழியே ஏமாற்றிக் காட்டியுள்ளனர். இக்காரணம் பற்றியே, ஒளித்துகளை நாடாமல் புதிய கணிதப் பூட்டுகளே போதும் என்று கருதுவோரும் அறிஞருள் உளர். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் அத்தகைய பூட்டுகளுக்கு மூன்று தரங்களை வெளியிட்டது.

புதிய பூட்டு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 1994-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர், குவாண்டம் விதிகளால் இயங்கும் கணினி ஒன்று அமையுமாயின் அது பேரெண்களை எளிதில் காரணிப்படுத்திவிடும் என்று நிறுவினார். வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த கணிதப் பூட்டு, பேரெண்ணின் காரணிகளைக் காண்பது அரிது என்பதன்மேல் நின்றது. அன்றுமுதல் இத்துறைக்குப் பணமும் ஆளும் பெருகலாயின. புன்னகைத்துச் சென்றவர்கள் திரும்பி வந்தார்கள். இதற்கிடையே, 1993-இல், பென்னட்டும் பிரசாரும் மற்றும் நால்வரும் சேர்ந்து, ஒரு துகளின் நிலையை அத்துகளை அனுப்பாமலே தொலைவிலுள்ள வேறொரு துகளுக்கு மாற்றும் வழியைக் காட்டினர். 1992-இல் பென்னட்டும் வீஸ்னரும் இணைந்து, பிணைந்த துகள் இணையில் ஒன்றை மட்டும் அனுப்பி இரு துண்டுச் செய்திகளைச் சேர்ப்பிக்கும் முறையை வெளியிட்டனர். அதன் கரு 1970-இன் அந்தப் பழைய குறிப்புத் தாளிலேயே இருந்தது.

வீஸ்னர் என்னவானார்? நம் அலுவலக வழக்கப்படி அவருக்கு ஒரு பணிப் பதிவேடு திறந்தோமாயின், பதவி, பதவி உயர்வு, ஊதிய விகிதம் என்னும் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். பேரறிஞரின் மகனாகிய அவர் பேராசிரியர் நாற்காலி தேடி அலையவில்லை. இஸ்ரேல் நாடு சென்று, சமயப் பற்றுடையவராய், எருசலேமில் கட்டடத் தொழிலாளியாக உடலுழைத்து வாழ்ந்தார். வறுமையால் அன்று, தாமே விரும்பி மேற்கொண்ட வாழ்வு என்று அவரை அறிந்தோர் கூறுகின்றனர். செங்கல் சுமந்த கைதான் அக்கட்டுரையையும் எழுதியது. இடையிடையே தோன்றிய கருத்துகளை நண்பரோடு பகிர்ந்துகொண்டார். தமக்கு உரிய பங்கைக் கேட்டு எவரோடும் வழக்காடினாரல்லர்.

பென்னட்டைப் பற்றியும் ஒரு சொல். நண்பர் கைவிட்ட கருத்தைத் தமதென்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பத்தாண்டுக் காலம் வாய்ப்பு இருந்தது; சான்று கேட்பார் இல்லை. அவரோ சென்றவிடமெல்லாம் 'இது வீஸ்னரின் எண்ணம்' என்றே சொல்லிவந்தார். டோக்கன் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்த்தார். 2018-இல் பென்னட்டுக்கும் பிரசாருக்கும் இயற்பியலுக்கான உல்ஃப் பரிசு கிடைத்தது. 2019-ஆம் ஆண்டுக்கான சீன நாட்டு மிஷியஸ் பரிசுப் பட்டியலில் அவ்விருவரோடு வீஸ்னர் பெயரும் இடம் பெற்றது. 2021 ஆகஸ்ட் 12-இல் எருசலேமில் வீஸ்னர் காலமானார்.

ஆறு திங்கள் சென்ற பின், 2022 பிப்ரவரியில், நம் காலனி அன்பர்கள் அடிக்கடி பயணம் செய்யும் தில்லி–ஹௌரா தடத்தை ஒட்டிய இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு சோதனை நடந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தில்லி ஐ.ஐ.டி.யினரும் பிரயாக்ராஜிலிருந்து விந்தியாசலம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, முன்னமே இடப்பட்டிருந்த சாதாரண ஒளியிழை வழியே குவாண்டம் சாவியை அனுப்பிக் காட்டினர். அவ்வளவு தொலைவு ஒளியிழையில் செல்லும்போது நூறு துகளில் ஒன்றே கரை சேரும். தொலைபேசிக்குச் செய்வது போல் நடுவழியில் பெருக்கி அனுப்பவும் இயலாது. பெருக்குதல் என்பது படியெடுத்தலே அன்றோ? கள்வனைத் தடுக்கும் விதி அஞ்சற்காரனையும் தடுக்கிறது. ஆகவே இப்போதைக்கு இடையிடையே நம்பிக்கைக்குரிய நிலையங்களை வைத்துச் சாவியைக் கைமாற்றிக் கொடுக்கின்றனர். பழங்காலத்துத் தபால் ஓட்டத்தைப் போல. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6003 கோடியே 65 இலட்சம் ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நகரங்களுக்கிடையே இத்தகைய சாவி செல்லவேண்டிய தொலைவு 2000 கிலோமீட்டர் என்று அதில் இலக்குக் குறித்துள்ளனர். தில்லியிலிருந்து ஹௌரா வரை நம் தடத்தின் முழு நீளமே ஏறத்தாழ 1450 கிலோமீட்டர்தான்.